கடுகண்ணாவை ஏற்றத்துக்கு எந்தக் கியர்?

கேள்வி: அண்ணா, நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன், வங்கியில் வேலை. 2022இல் பெட்ரோல் வரிசைகளில் நின்று களைத்துப்போய், பாவித்த றேசிங் சைக்கிள் ஒன்று வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், ரிம் பிரேக். முன்னால் 52, 42 பற்கள். பின்னால் 7 பற்சக்கரங்கள், 14 முதல் 28 வரை. பெருவிரலால் பொத்தானை அழுத்திக் கியர் மாற்றும் லீவர். காலையில் மரைன் டிரைவில் ஓட அது போதுமாக இருந்தது. போன மாதம் நண்பர்களோடு கண்டிக்குப் போனபோது கடுகண்ணாவை ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். வெட்கமாகிவிட்டது. கூட வந்த ஒருவர் தன்னுடைய பழைய, ஷிமானோ கம்பனியின் அல்டெக்ரா 6800 கியர் தொகுதியை மலிவாகத் தருகிறேன் என்கிறார். முன்னால் 52/36, பின்னால் 11–28. இன்னொருவர், வாங்கினால் ஷிமானோவின் 12 கியர் 105 தொகுதியை வாங்கு, இல்லாவிட்டால் மின்னியல் கியர் வாங்கு என்கிறார். என் கை சிறியது. ஹாண்டிலின் கீழ் வளைவைப் பிடித்தால் லீவர் சரியாக எட்டுவதில்லை. கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தத் தள்ளிக்கொண்டு நடந்த கதை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. உங்கள் சைக்கிளில் இருக்கும் ஆக இலகுவான கியரே அந்த ஏற்றத்துக்கு உரியதல்ல. முன்னால் 42, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின் சில்லு ஒன்றரைச் சுற்றுச் சுற்றுகிறது. சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் கால் 3.15 மீட்டர் தூரத்தை இழுத்தாக வேண்டும். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினீர்கள் என்றால் கால் நிமிடத்துக்கு 42 தடவைதான் சுற்றியிருக்கும். அவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு மிதியையும் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கலாம், பிறகு முழங்கால் மறுத்துவிடும்.

உங்களையும் சைக்கிளையும் சேர்த்து 70 கிலோ, சாய்வு 100க்கு 6 என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 100 வாட் சக்தி வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து மாவனல்லை வரை உழக்கிக்கொண்டு வந்த ஒருவரிடம் அது இருக்கிறது. அதே 100 வாட்டை நிமிடத்துக்கு 63 சுற்றில் கொடுத்தால், ஒவ்வொரு மிதிக்கும் வேண்டிய பலம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். முன்னால் 34, பின்னால் 34 பற்கள் இருந்தால் நடப்பது அதுதான்: பெடல் ஒரு சுற்று, சில்லு ஒரு சுற்று, 2.1 மீட்டர்.

உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எந்தப் பெயர், எத்தனை கியர் என்பதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். ஆக இலகுவான கியர் உங்கள் காலுக்கு ஏற்றதா, லீவர் உங்கள் கைக்கு ஏற்றதா, தேய்ந்தால் அந்தப் பாகம் கொழும்பில் கிடைக்குமா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள்.

நண்பர் தருவதாகச் சொல்லும் தொகுதியை இந்த வரிசையில் வைத்துப் பார்ப்போம். அது நல்ல பொருள்தான், நானே பலருக்குப் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் 36க்கு 28 என்றால் ஒரு சுற்றுக்கு 2.7 மீட்டர். அதே ஏற்றத்தில், அதே வேகத்தில், 49 சுற்று. கொஞ்சம் இலகுவாகும், ஆனால் போதாது. பின்னால் பெரிய பற்சக்கரம் போடலாமே என்று நினைப்பீர்கள். பின்பக்கத்தில் செயினைத் தள்ளும் கருவியை டெரெய்லர் என்பார்கள். 6800 தொகுதியில், செயின் ஓடும் கூடு குட்டையாக உள்ள டெரெய்லர் 28 பல்லுக்கும், நீளக் கூடு உள்ளது 32 பல்லுக்கும் செய்யப்பட்டவை. 34க்கு அவற்றில் இடமில்லை. அதற்கும் மேலாக, 11 கியர் கசெட், அதாவது பின் பற்சக்கரத் தொகுதி, உட்காரும் ஹப் (சில்லின் நடுப்பகுதி) 10 கியர் ஹப்பைவிட 1.85 மில்லிமீட்டர் அகலமானது. உங்களுடைய 7 கியர் பின் சில்லில் அது ஏறாது. புதிய சில்லு, புதிய கசெட், புதிய செயின் என்று எண்ணிக்கொண்டே போனால், மலிவாகக் கிடைத்த தொகுதி உங்கள் ஒன்றரை லட்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். கடைசியில் கடுகண்ணாவையில் மறுபடியும் மூச்சு வாங்குவீர்கள்.

12 கியர் 105 உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது. அந்த வரிசையில் 12 கியர் 2022இல் மின்னியலாகவும் 2023இல் கேபிளோடும் வந்தது. இரண்டுமே டிஸ்க் பிரேக்குக்கு மட்டும் செய்யப்பட்டவை. உங்கள் ஃபிரேமில் டிஸ்க் பிரேக் பூட்ட இடமில்லை. அந்த நண்பர் தன் சைக்கிளை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். மின்னியல் கியரைப் பற்றி எனக்கு மரியாதை உண்டு. விரல் பட்டதும் மாறும், கேபிள் அறுகிற கவலை இல்லை, விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது ஒரு வரம். ஆனாலும் ரிம் பிரேக் சைக்கிளுக்கு, உங்கள் கையில் உள்ள பணத்துக்கு, அதை வாங்கச் சொல்ல என் மனம் ஒப்பாது.

இனி லீவர். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது, கை எட்டவில்லை என்ற அந்த ஒரு வரிதான்.

கியர் லீவர் ஒருகாலத்தில் ஃபிரேமின் சாய்குழாயில் இருந்தது. கியர் மாற்ற ஒரு கையை ஹாண்டிலிலிருந்து எடுத்துக் கீழே குனிய வேண்டும். ஷிமானோ 1990இல் பிரேக்கையும் கியரையும் ஒரே லீவரில் சேர்த்தது, எஸ்.டி.ஐ. என்பது அதற்குப் பெயர். காலி வீதியில் ஓடுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். பம்பலப்பிட்டித் தரிப்பிடத்தில் பஸ் இடப்பக்கம் வெட்டி நிற்கும். அதே கணத்தில் முச்சக்கர வண்டி ஒன்று ஒழுங்கையிலிருந்து மூக்கை நீட்டும். பிரேக்கும் பிடிக்க வேண்டும், மறுபடி கிளம்புவதற்குக் கியரையும் குறைக்க வேண்டும், இரண்டு கையும் ஹாண்டிலில் இருக்க வேண்டும். லீவர் சரியாக இல்லாத சைக்கிளை இந்த நகரத்தில் ஓடுவது ஆபத்து. அதனால்தான் நான் கியரின் எண்ணிக்கையைவிட லீவரைப் பற்றி இவ்வளவு கதைக்கிறேன்.

உங்கள் லீவரில் பெரிய பற்சக்கரத்துக்குப் போக விரல் லீவர் இருக்கிறது. சிறியதற்குப் போக, மேலே உட்புறமாக ஒரு பொத்தான். ரப்பர் முகப்பில் கை வைத்திருக்கும்போது பெருவிரல் அதைத் தொடும். கீழ் வளைவைப் பிடித்தால் தொடாது, பெரிய கை உள்ளவருக்கும் கடினம்தான். இறக்கத்தில் கீழ் வளைவைப் பிடித்துக்கொண்டு போகும்போது கியர் மாற்ற வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டியிருக்கும். கடுகண்ணாவையிலிருந்து திரும்பி இறங்கும்போது இதை நீங்கள் உணர்ந்திருப்பீர்கள்.

ஷிமானோவின் இப்போதைய கேபிள் முறையில் பிரேக் லீவரே உள்பக்கமாகச் சாயும். அதற்குப் பின்னால் ஒரு சிறிய துடுப்பு. ஸ்ராமின் டபுள்டாப் முறையில் ஒரே துடுப்புத்தான்: கொஞ்சம் தள்ளினால் கடின கியர், நீளத் தள்ளினால் இலகுவான கியர். கம்பக்னோலோவில் விரலுக்கு ஒரு துடுப்பு, பெருவிரலுக்கு ஒரு பொத்தான். தாய்வானின் மைக்ரோஷிப்டில் பிரேக் லீவர் பக்கவாட்டில் அசையாது. பின்னால் இரண்டு துடுப்புகள் தனித்தனியாக இருக்கும். சிறிய கை உள்ளவர்களில் சிலருக்குப் பிரேக் லீவர் முழுவதையும் பக்கவாட்டில் தள்ளுவது பாரமாக இருக்கிறது. அவர்கள் மைக்ரோஷிப்டைப் பிடித்துப் பார்த்ததும் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். அதன் 9 கியர் றோட் லீவர் ஷிமானோவின் 9 கியர் டெரெய்லரோடு ஒத்துப்போகும்.

லீவரைக் கைக்கு அருகே கொண்டுவரவும் வழி இருக்கிறது. சிலவற்றில் ஒரு சிறு திருகாணி, சிலவற்றில் உள்ளே செருகும் ஆப்பு. அதோடு லீவர் ஹாண்டிலில் எந்த உயரத்தில் பூட்டப்பட்டிருக்கிறது என்பதும் முக்கியம். ஹாண்டிலின் நாடாவைக் கழற்றி, லீவரை ஒரு சென்ரிமீட்டர் கீழே இறக்கிப் பூட்டியதிலேயே பிரச்சினை தீர்ந்த பெண்கள் என் கடைக்கு வந்திருக்கிறார்கள். ஆகவே படத்தைப் பார்த்து லீவர் வாங்க வேண்டாம். கடைக்குப் போங்கள். முகப்பில் கை வைத்து நான்கு தடவை, கீழ் வளைவில் வைத்து நான்கு தடவை மாற்றிப் பாருங்கள். இரண்டு விரலால் பிரேக்கை முழுதாக இழுக்க முடிகிறதா என்றும் பாருங்கள்.

என் பரிந்துரை 9 கியர். ஷிமானோ சோரா R3000 லீவர், அல்லது கைக்கு அது பாரமாக இருந்தால் மைக்ரோஷிப்ட் லீவர். முன்னால் 50/34, பின்னால் 11–34 கசெட், நீளக் கூடு உள்ள பின் டெரெய்லர். 10 கியர் டியாக்ரா 4700 இதைவிட ஒரு படி நேர்த்தியானது, பணம் இடம் கொடுத்தால் அதுவும் சரி. ஆனால் 4700இன் லீவர் கேபிளை இழுக்கும் அளவு அதற்கு முந்திய 10 கியர் லீவர்களிலிருந்து வேறுபட்டது. பழைய 10 கியர் டெரெய்லர் ஒன்று கையில் கிடைத்தது என்று அதோடு சேர்த்தால் கியர் ஒருநாளும் ஒழுங்காக விழாது. 2023இல் வந்த ஷிமானோவின் கியூஸ் வரிசைக்கும் அதே எச்சரிக்கை: வாங்கினால் முழுதாக வாங்க வேண்டும், மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

9 கியரைச் சொல்வதற்குக் காரணம் பாகங்கள். நான் தொழில் பழகியது யாழ்ப்பாணத்தில், 90களில், மாமாவின் கடையில். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஒரு பாகம் உடைந்தால் அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எதைப் பூட்டும் முன்பும் ‘இது போனால் பதிலுக்கு எது பொருந்தும்?’ என்று மாமா கேட்பார். கொழும்புக்கு வந்து இத்தனை வருடமாகியும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. 2022இல் இறக்குமதி இறுகியபோது இன்னொரு தடவை காதில் ஒலித்தது. ஷிமானோவின் 9 கியர் றோட் லீவரோடு 8 கியர் கிளாரிஸ் டெரெய்லரும் வேலை செய்யும், 9 கியர் மலைச் சைக்கிள் டெரெய்லரும் வேலை செய்யும். செயினும் கசெட்டும் மலைச் சைக்கிள்களில் ஓடும் அதே வகை. தேடி அலைய வேண்டியிருக்காது.

இதில் ஒரு குறை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 11–34 கசெட்டின் பற்கள் 11, 13, 15, 17, 20, 23, 26, 30, 34. இடைவெளி பெரிது. மரைன் டிரைவில் முன்னால் 50 பல்லோடு மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும்போது 20 பல்லில் கால் 79 சுற்று, 23 பல்லில் 91 சுற்று. உங்களுக்கு 85தான் சுகம் என்றால் அது கிடைக்காது. கடற்காற்று எதிரே வீசும் காலைகளில் அந்த இடைவெளி கொஞ்சம் உறுத்தும். சமதரையில் மட்டும் ஓடுபவர் என்றால் உங்களுக்கு இந்தக் கசெட்டைச் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் மறுபடி கண்டிக்குப் போக வேண்டும் என்று எழுதாவிட்டாலும், அந்த ஆசை கடிதம் முழுக்கத் தெரிகிறது.

முன்னால் உள்ள 42ஐ மட்டும் 34 ஆக மாற்றினால் என்ன என்று கேட்பீர்கள். 52/42 கிராங்கில் (பெடலையும் முன் பற்சக்கரங்களையும் தாங்கும் பாகம்) பற்சக்கரத்தைப் பிடிக்கும் ஆணிகள் பெரும்பாலும் 130 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். அதில் 38 பல்லுக்குக் குறைந்த பற்சக்கரம் ஏறாது. கிராங்கை மாற்றத்தான் வேண்டும். அதோடு அது சுழலும் அச்சையும் மாற்ற வேண்டிவரும். கிராங் பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பற்கள் சுறாவின் பல்லைப் போலக் கூராகிச் சாயாமல் இருந்தால் போதும், பணத்தை அங்கே மிச்சம் பிடியுங்கள்.

லீவரைப் புதிதாகவே வாங்குங்கள். அதன் உள்ளே சிறிய பற்களும் சுருள்வில்லும் இருக்கின்றன. வெளியே பளபளப்பாக இருப்பதை வைத்து உள்ளே எப்படி என்று சொல்ல முடியாது. கேபிள் லீவருக்குள் வளையும் இடத்தில் இழை இழையாக அறுந்து, துண்டுகள் உள்ளே சிக்கிக்கொண்ட பாவித்த லீவர்களை எத்தனையோ தடவை ஊசியால் கிண்டி எடுத்திருக்கிறேன். செயினும் கசெட்டும் ஒன்றாகப் புதிதாக வேண்டும். பழைய செயினைப் புதிய கசெட்டில் ஓடவிட்டால் கசெட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். பிறகு நீங்களே அளக்கலாம்: செயினின் ஓர் ஆணியில் இரும்பு அடிமட்டத்தின் பூச்சியத்தை வையுங்கள். 12 அங்குலத்தில் இன்னோர் ஆணி சரியாக நிற்க வேண்டும். அது பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப்போய் நின்றால் புதிய செயினுக்கு நேரம் வந்துவிட்டது.

கேபிள் உறையில் சிக்கனம் பிடிக்கும் கடைகளும் உண்டு. கியருக்கு 4 மில்லிமீட்டர் உறை. அதனுள் கம்பிகள் நீளவாக்கில் இருக்கும். பிரேக்குக்கு 5 மில்லிமீட்டர் உறை. அதில் கம்பி சுருளாக இருக்கும். கியருக்குப் பிரேக் உறையைப் போட்டால் கியர் தடுமாறும். பிரேக்குக்குக் கியர் உறையைப் போட்டால் அழுத்தத்தில் அது வெடித்துப் பிரேக்கே இல்லாமல் போகலாம். பூட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கேபிள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். கடலோரமாக ஓடுகிறீர்கள், உப்புக் காற்று சாதாரணக் கேபிளை விட்டுவைக்காது. வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். ஓடி முடித்ததும் செயினை ஒரு துணியால் துடைத்துவிட்டு எண்ணெய் விடுங்கள்.

இத்தனைக்கும் பணம் போதாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. 7 கியரிலேயே 14–34 ஃப்ரீவீல், அதாவது ஹப்பில் திருகிப் பூட்டும் பற்சக்கரத் தொகுதி, கிடைக்கிறது. அதையும் 34 பல்லைத் தாங்கும் எளிய டெரெய்லர் ஒன்றையும் பூட்டினால், உங்கள் 42 பல்லோடு ஒரு சுற்றுக்கு 2.6 மீட்டர். நண்பரின் அல்டெக்ராவைவிட இலகுவான கியர். 24இலிருந்து நேரே 34க்குத் தாவும். லீவர் பிரச்சினையும் அப்படியே இருக்கும். ஆனால் செலவு மிகக் குறைவு. லீவருக்குப் பணம் சேரும் வரை இப்படி ஓடலாம்.

எதையும் வாங்க முன்னர் இரண்டு காரியம் செய்யுங்கள். பின் சில்லைக் கழற்றி, ஃபிரேமில் அது பூட்டும் இரண்டு காதுகளுக்கும் இடையே உட்பக்க அகலத்தை அளவுங்கள். 130 மில்லிமீட்டர் என்றால் 9 கியர் சில்லு உட்காரும். 126 என்றால் அலுமினிய ஃபிரேமை விரித்துப் பொருத்த யாரையும் விடாதீர்கள், அது வெடிக்கும். அடுத்து, சில்லைக் கையில் பிடித்துப் பற்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுழற்றுங்கள். நடுவில் சாவி பொருந்தும் வரிப்பள்ளம் தெரியும். அது பற்சக்கரங்களோடு சேர்ந்து சுழன்றால் கசெட். அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். அப்போது 9 கியருக்குப் பின் சில்லையும் மாற்ற வேண்டும். டெரெய்லர் தொங்கும் காது வளைந்திருக்கிறதா என்று பின்னால் நின்று பாருங்கள். கியர் ஒழுங்காக விழவில்லை என்று வருகிற பல சைக்கிள்களில் குற்றம் லீவரில் இல்லை, அந்தக் காதில்தான்.

அகலத்தையும், நடுப்பகுதி சுழன்றதா நின்றதா என்பதையும் எழுதி அனுப்புங்கள். கிராங்கின் படம் ஒன்றும் வேண்டும். அவற்றைப் பார்த்ததும் எந்தெந்தப் பாகத்தைப் புதிதாக, எதைப் பாவித்ததாக வாங்கலாம் என்று உங்கள் ஒன்றரை லட்சத்துக்குள் கணக்கைப் போட்டு அனுப்புகிறேன்.